குடைத் தூதரும் இருமல் தூதரும்

எக்ஸ்ரே அறைக்குள் கைபேசி அடிக்கக் கூடாது என்று சுவரில் அறிவிப்பு எழுதி ஒட்டியவளே அக்காதான். இன்று அவளுடைய கோட்டுப் பையிலிருந்தே அது அலறியது.

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க" என்று கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லிக்கொண்டிருந்தவள், பட்டனை அழுத்தி முடிக்கிற வரை அது ஓயவில்லை.

மேடைமேல் படுத்திருந்த பெரியவர், "எடுத்துப் பேசுங்கம்மா. நான் வேணா அதுவரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டே இருக்கேன்" என்றார்.

"ஐயோ, விடுங்க விடுங்க, மூச்சு விடுங்க!"

அழைத்தவள் தம்பி மனைவி. போன வாரம் மருந்துக் கடை வாசலில் அக்காவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, பஸ் வந்துவிட்டதால் விழுங்கிக்கொண்டு ஏறிப் போனாளே, நினைவிருக்கிறதா? விழுங்கியது இன்று ஃபோனில் வெளியே வந்தது.

"அக்கா, நாங்க பையன்கிட்டயே போயிடறோம். வீட்டைக் காலி பண்றோம். அடுத்த வாரம் ஃப்ளைட்டு."

பையன் இருப்பது கடல் தாண்டி. வருகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளும் தூரமில்லை.

"அவன் என்கிட்ட சொல்லச் சொன்னானா?"

"இல்லக்கா. அவருக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சுடுவார். இன்னொண்ணும் இருக்கு. இன்னிக்கு நாலு மணிக்கு ஒருத்தர் வர்றார். மாமா சேர்த்து வச்ச கடிதமெல்லாம் விலை பேசி முடிச்சாச்சு. மனசு கேக்கல, சொல்லிட்டேன். எனக்கு கிளாஸுக்கு நேரமாச்சு, ஒரு பொண்ணு ரிவர்ஸ் எடுக்கறேன்னு கேட்டை இடிக்கப் பார்க்குது. வச்சுடறேன்."

தம்பி மனைவி கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். எந்தப் பேச்சையும் பிரேக் போட்டுத்தான் முடிப்பாள்.

இந்த அக்கா தம்பிச் சண்டையை முதல் வாரத்திலிருந்து படித்து வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு விஷயம் புரிய வேண்டுமில்லையா?

அப்பா இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. ஒரு நாள் பழைய பேப்பர் கடையில், நாடாவால் கட்டிய ஒரு கட்டு அவர் கையில் சிக்கியது. பெரிய யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில், ஒரு பெரிய ஓட்டலில் தங்கிப்போன வெளிநாட்டுத் தூதர்கள் அதன் மேலாளருக்கு எழுதிய கடிதங்கள். தூதர்கள் என்றால் எல்லை, உடன்படிக்கை, ராணுவம் என்று எழுதியிருப்பார்கள் என்று எண்ணித்தான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் பிரித்தார். ஒருவர் தொப்பியை விட்டுவிட்டுப் போயிருந்தார். ஒருவருக்குத் தலையணை உயரம் போதவில்லை. இன்னொருவர் அடுத்த முறை நாய்க்குட்டியோடு வரலாமா என்று கெஞ்சியிருந்தார். ஒவ்வொன்றின் அடியிலும் பக்கத்தை அடைத்துக்கொண்டு ஒரு ராஜகம்பீரக் கையெழுத்து.

"உலகமே பத்தி எரியப் போவுது, இவர் தொப்பியைத் தேடறார் பாரு!" என்று அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பெரிய விஷயமெல்லாம் தந்தியில போயிருக்கும். மிச்சம் இருந்த மனுஷன்தான் கடிதத்துல வந்திருக்கான்."

அன்றிலிருந்து அவருக்குப் பைத்தியம் பிடித்தது. போருக்கு முந்தைய தூதர் எவருடைய கையெழுத்து எங்கே கிடைத்தாலும் வாங்கினார். ஆனாலும் அந்த ஓட்டல் கட்டின்மேல்தான் அவருக்கு உயிர்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. மேலாளர் கடிதங்களைத் தனியாகவும், தபால்தலைக்காகவோ என்னவோ, உறைகளைத் தனியாகவும் கட்டி வைத்திருந்தார். எந்தக் கடிதம் எந்த உறைக்குள் வந்தது என்று தெரியாது. உறைமேல் விலாசம் எழுதியதெல்லாம் தூதரகத்துச் செயலாளர்கள். ஆகவே கையெழுத்தை ஒத்துப் பார்க்கவும் வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு முடிந்ததும் மேசையை இரண்டு முறை துடைத்து, கை கழுவிக் காட்டிவிட்டு, பிள்ளைகள் இருவரும் ஜோடி சேர்க்க உட்காருவார்கள். கடிதங்கள் தம்பி பக்கம், உறைகள் அக்கா பக்கம். தாளின் நிறம், தபால் முத்திரையில் தெரிகிற ஊர், மையின் சாயல் என்று எதையாவது பிடித்துக்கொண்டு வாதாட வேண்டும். அப்பா நீதிபதி. ஜோடி என்று தீர்ப்பானால் ஆல்பத்தில் கடிதம் ஒரு பையில், உறை பக்கத்துப் பையில். கடிதத்தை மறுபடி மடித்து உறைக்குள் போடுவது மட்டும் கூடவே கூடாது.

"எழுதின நாள்லேர்ந்து மடங்கியே கிடந்திருக்கு. இனிமேயாவது நிமிர்ந்து படுக்கட்டும்" என்பார்.

பிள்ளைகளுக்குப் பட்டப்பெயரும் அவர் வைத்ததுதான். தனக்கும் மனைவிக்கும் பேச்சுவார்த்தை இல்லாத நாட்களில் கூடத்துக்கும் சமையலறைக்கும் செய்தி சுமந்து ஓடிய மகன் 'தூதர்'. எதைக் கேட்டாலும் உதட்டை இறுக்கிக்கொள்ளும் மகள் 'முத்திரை'.

அப்பா போன பிறகு, ஒரு நிபுணரைக் கூட்டி வந்து எல்லாவற்றுக்கும் பட்டியல் எடுக்கலாம் என்றாள் அக்கா. அவர் வந்தார். தம்பி அவரை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினான். ஏன் என்று கேட்டதற்கு, "வெளி ஆள் கை படக் கூடாது" என்பதைத் தவிர ஒரு பதிலும் இல்லை. முழுசாக அமுக்கிக்கொள்ளப் பார்க்கிறாய் என்று அவள் சொல்ல, உனக்கு என்னை நம்பவே தெரியாது என்று அவன் சொல்ல, வார்த்தை தடித்தது. சமாதானம் பேச வந்த சித்தப்பா, கடிதமெல்லாம் தம்பிக்கு, உறையெல்லாம் அக்காவுக்கு என்று பிரித்துக் கொடுத்தார். ஒரு ஜோடிச் செருப்பில் ஆளுக்கு ஒன்று என்பதுபோல! 'ஐயோ, அப்படிப் பிரிக்காதீங்க' என்று மற்றவர் முதலில் சொல்லட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அதோடு பேச்சும் நின்றது, வருஷங்களும் ஓடிவிட்டன.

அதைத்தான் இன்று நாலு மணிக்கு எவரோ வந்து தூக்கிக்கொண்டு போகப் போகிறார்.

'போகட்டும். எனக்கென்ன?' என்று அக்கா இன்னும் இரண்டு முழங்கால்களையும் ஒரு தோள்பட்டையையும் படம் எடுத்தாள். தோள்பட்டைப் படம் ஆடிப்போய் மங்கலாக வந்தது. அவள் வேலையில் அது அபூர்வம். மறுபடி எடுத்துக் கொடுத்துவிட்டு, அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

உறைகள் அலமாரியின் மேல்தட்டில், பழைய எக்ஸ்ரே பிலிம் வந்த தட்டையான அட்டைப் பெட்டியில் இருந்தன. வெளிச்சமோ ஈரமோ புகாது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு உறையும் காலி. இத்தனை வருஷமாகக் காலி உறைகளுக்கு இப்படிக் காவல் காத்திருக்கிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவன் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடுவான் என்பதுதான் தாங்க முடியவில்லை. கடிதங்கள் போனால் போகட்டும், அவற்றைச் சாக்கு வைத்தாவது அவன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

தம்பியின் டைல்ஸ் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பக்கத்துப் படியேறினால் மாடியில் வீடு. கதவைத் திறந்த தம்பி மனைவி, அவளைப் பார்த்ததும் முகத்தில் ஆச்சரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அக்கா! நீங்க எங்க இந்தப் பக்கம்?" என்று ஊருக்கே கேட்கிறமாதிரி கூவினாள். அவளுக்கு நடிக்க வரவில்லை.

"யாரு?" என்று உள்ளிருந்து குரல். பின்னாலேயே ஓர் இருமல்.

"உங்க அக்கா!"

பிறகு தம்பி வந்து நின்றான். காதோரம் முழுக்க நரைத்துவிட்டது. சட்டை தோளில் நிற்காமல் தொளதொளவென்று தொங்கியது.

"வா" என்றான். 'வாக்கா' என்று சொல்லவில்லை.

கூடத்தில் பாதி கட்டிய பெட்டிகளும் சுருட்டிய பாயும் கிடந்தன. சுவரில் படங்களைக் கழற்றிய இடங்கள் வெளுத்துத் தெரிந்தன. அப்பாவின் அதே சாப்பாட்டு மேசை மட்டும் நடுவில் நின்றது. அதன்மேல் ஆல்பங்கள். அவற்றுக்குமேல் குனிந்தபடி ஒரு வழுக்கைத் தலை.

"இவர் பல் டாக்டர். ரிட்டயர் ஆயிட்டார். தூதர் கடிதமெல்லாம் சேர்க்கறார்" என்றான் தம்பி, சுவரைப் பார்த்து.

பல் டாக்டர் நிமிர்ந்தார். கையில் இடுக்கி, நெற்றியில் பூதக்கண்ணாடி. கடிதத்தைப் பார்க்கிற பார்வையே வாயைத் திறக்கச் சொல்கிற பார்வையாக இருந்தது.

"கையெழுத்தெல்லாம் முத்து முத்தா இருக்கு மேடம். ஒரே குறை தேதிதான். இவர் 'வியாழன் காலை'ன்னு போட்டுட்டு விட்டுட்டார். எந்த வியாழன்? எந்த வருஷம்? உறை இருந்தா தபால் முத்திரை சொல்லிடும். என்ன பண்ண, தொலைஞ்சு போச்சுன்னு சொல்றார்."

அக்கா பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

"தொலையல. இங்க இருக்கு."

தம்பியின் முகம் சுருங்கியது. "இப்ப எதுக்கு இதெல்லாம்? உறை இல்லாமலே எடுத்துக்கறேன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"உறை இல்லைன்னு சொன்னதால சொன்னேன்" என்ற பல் டாக்டர் அதற்குள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். "எது எதோட உறைன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"அது எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்" என்றாள் அக்கா. கை கழுவிக்கொண்டு வந்து, பழக்கதோஷத்தில் இரண்டு கைகளையும் விரித்துத் தம்பிக்கு எதிரே காட்டினாள். அவன் சிரிக்கவில்லை. எழுந்துபோய்த் தானும் கழுவிக்கொண்டு வந்தான்.

முதல் கடிதத்தை அவன் வேண்டாவெறுப்பாகத்தான் படித்தான். "'என் தொப்பியைப் பற்றிய தங்கள் அக்கறைக்கு...'"

அவன் முடிப்பதற்குள் அக்கா உறையை எடுத்து வைத்துவிட்டாள்.

"'தலையணை விஷயமாக இரண்டாம் முறை எழுத நேர்ந்ததற்கு...'"

"ரெண்டாவது தலையணை. முதல் தலையணை நீல உறை, இது சாம்பல்."

"'நாய்க்குட்டி ஒரு நாளும் குரைத்ததில்லை என்று உறுதி கூறுகிறேன்...'"

"குரைச்சிருக்கும். அதனாலதான் அடுத்த கடிதத்துல மன்னிப்புக் கேக்கறார்."

"அடுத்ததுல இல்ல, அதுக்கும் அடுத்ததுல" என்று திருத்தினான் தம்பி.

"அடுத்ததுலதான்."

"எடுத்துப் பாரேன்!"

எடுத்துப் பார்த்தாள். அவன் சொன்னதுதான் சரி. "சரி, ஒரு பாயிண்ட் உனக்கு" என்று அவள் சொன்னபோது அவன் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அடுத்த பக்கத்தில் அது வெளியே வந்தது. ஒரு கிழத் தூதர், குளிக்கும் தொட்டிக்குள் தான் சிக்கிக்கொண்ட கதையை வெளியே சொல்ல வேண்டாமென்று மேலாளரைக் கெஞ்சியிருந்தார். அப்பா அதை நடித்துக் காட்டுவார். தம்பி, அப்பாவின் அதே கட்டைக் குரலில், "'இரு நாட்டு நல்லுறவையும் கருதி...'" என்று ஆரம்பித்ததும் அக்காவால் அடக்க முடியவில்லை. இருவரும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். சிரிப்பு அவனுக்கு இருமலில் போய் முடிந்தது.

டீ கொண்டு வந்த தம்பி மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். இந்த வீட்டில் அவன் இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்குத்தான் தெரியும்.

அக்காவுக்கு மேசை முழுக்க அந்த ஞாயிற்றுக்கிழமைகளாக இருந்தது. மரத்தில் அதே கீறல், எதிரே அதே தூதர். தலைமாட்டு நாற்காலியில் மட்டும் ஒரு பல் டாக்டர் உட்கார்ந்து வாயெல்லாம் பல்லாக இருந்தார். ஒவ்வொரு ஜோடி சேரும்போதும் அவர் முத்திரைத் தேதியைப் பார்த்து, "போருக்கு முந்தின கோடை!" "அடடா, போர் மூளறதுக்கு முந்தின மாசம்!" என்று கூவினார். தடுத்து நிறுத்தலாமென்று வந்தவள், தானே வியாபாரத்தை முடித்து வைக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆனாலும் கை நிற்கவில்லை.

கடைசி ஆல்பத்தில் தம்பி இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டினான்.

"இரு, இரு. குடைத் தூதரை விட்டுட்டே."

"அது... அது இதுல இல்ல. எங்கயோ மாத்தி வச்சுட்டேன்."

"இதோ பின்னாடி தெரியுதே. ராத்திரியெல்லாம் இருமினேன்னு எழுதின இருமல் தூதரும் இங்கதான் இருக்கார்." அவன் கை தடுப்பதற்குள் அவள் பக்கத்தைப் பிரித்துவிட்டாள்.

"அதை விடு. டாக்டருக்கு நேரமாகுது."

"எனக்கு ஒரு நேரமும் ஆகல" என்றார் பல் டாக்டர்.

அக்கா பெட்டியின் அடியிலிருந்து ஒரு சதுர உறையை எடுத்து இருமல் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு ஒரு நீள உறையை எடுத்தாள். அதன்மேல் எழுதிய விலாசம் மழைத் துளி பட்டு மை கரைந்து வழிந்திருந்தது. அதைக் குடைக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தபோது அவள் குரலே மாறியது.

"இது நானே கண்டுபிடிச்சது சார். பத்து வயசுல."

அந்த வருஷம்தான் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அதன் பிறகு வாரக்கணக்கில் அவள் வாயே திறக்கவில்லை. பள்ளிக்கூடத்திலும் பேசவில்லை, வீட்டிலும் பேசவில்லை. முத்திரை என்ற பெயரைச் சொல்லி அழைப்பதை அப்பாவே நிறுத்திவிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்ததும் மேசையைத் துடைத்து எல்லாவற்றையும் பரப்பி வைத்தார். தம்பி படித்துக்கொண்டு போனான். ஒரு தூதர் ஓட்டல் சாப்பாட்டுக் கூடத்தில் குடையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார், அனுப்பி வைக்க முடியுமா என்று கேட்கிறார். அவள் கையில் மழையில் நனைந்த இந்த உறை. குடை இல்லாதவர் நனைந்துகொண்டே போய்த்தானே தபாலில் போட்டிருப்பார்?

"'இது குடை! அப்பா, இதுதான் குடை!'ன்னு கத்தினேன். அப்பா எழுந்து வந்து என்னைத் தூக்கிக்கிட்டார். பத்து வயசுப் பொண்ணை! அதுக்கப்புறம்தான் நான் பழையபடி பேசவே ஆரம்பிச்சேன்."

பல் டாக்டர் உருகிப்போனார். "பிரமாதம் மேடம், பிரமாதம்" என்று சொல்லிக்கொண்டே பூதக்கண்ணாடியை இறக்கினார். பிறகு அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. குடைக் கடிதத்தையும் நீள உறையையும் மாறி மாறிப் பார்த்தார். பையிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தார்.

"தப்பா நினைக்காதீங்க. இந்தக் கடிதத்துல மடிப்பு எப்படி விழுந்திருக்கு பாருங்க. குறுக்கே ஒண்ணு, நெடுக்கே ஒண்ணு." வெள்ளைத் தாளை அதே அளவுக்குக் கிழித்து அதேபோல் நாலாக மடித்தார். சதுரமாக வந்தது. நீள உறையின் பக்கத்தில் வைத்தார். "இது இதுக்குள்ள போகாது. அந்த இருமல் கடிதம்தான் மூணா மடிச்சது. அதுதான் இந்த நீள உறையில வந்திருக்கணும். குடைக்கு அந்தச் சதுர உறை." சொல்லிவிட்டு அவரே ரசித்துச் சிரித்தார். "பின்னே? மழையில நனைஞ்சவருக்குத்தானே இருமல் வரும்?"

"இல்ல டாக்டர்" என்றான் தம்பி. "நீங்க பார்த்தது தப்பு. அதுதான் ஜோடி."

"மடிப்பு தெளிவா இருக்கே சார்."

"மடிப்பு என்ன வேணா சொல்லட்டும்! எங்க அப்பா வச்ச ஜோடி. இந்த ரெண்டும் நான் விக்கல." குரல் உயர்ந்து, இருமலில் உடைந்தது.

அக்கா குடைக் கடிதத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். எலும்புக்குள் இருக்கிற மயிரிழை விரிசலைப் பார்த்துச் சொல்கிறவள் அவள். தாளில் கூட்டல் குறியாக விழுந்து கிடந்த மடிப்பை இத்தனை காலமும் பார்க்கவில்லை. கடிதத்தை மெல்ல இறக்கினாள்.

"உனக்குத் தெரியும்" என்றாள்.

தம்பி டீ கோப்பையை நகர்த்தி வைத்தான்.

"எப்பலேர்ந்துடா தெரியும்?"

"அன்னிக்கேதான்" என்றான் கோப்பையைப் பார்த்தபடி. "கடிதம் எப்பவும் என் பக்கம்தானே? எந்தக் கடிதத்துல எத்தனை மடிப்புன்னு எனக்குத் தெரியாதா? நீ 'குடை'ன்னு கத்தினதும் 'தப்பு'ன்னு சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா மேசைக்கு அடியில என் காலை மிதிச்சார். நல்லா வலிச்சுது. நான் தண்ணி குடிக்கப் போனப்ப பின்னாடியே வந்தார். 'அவ இன்னிக்குத்தான் பேசியிருக்காடா. விட்டுடு'ன்னார். விட்டுட்டேன்."

"பட்டியல் எடுக்க ஒருத்தர் வந்தாரே..."

"அவர் பார்க்கறதே மடிப்பைத்தான்னு விசாரிச்சு வச்சிருந்தேன். உன் முன்னாடியே போட்டு உடைச்சிருப்பார்."

அக்காவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "அதை என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா! இத்தனை வருஷம்! உன்னை என்னென்னவோ பேசிட்டேனே!"

"என்னத்தைச் சொல்ல? சொல்லக் கூடாதுங்கறதுதானே விஷயமே."

முத்திரை என்ற பெயரை அப்பா ஆள் மாற்றி வைத்துவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். தன் வாழ்க்கையிலேயே தான் பெருமைப்பட்ட ஒரு கண்டுபிடிப்பு தப்பு என்று தெரிந்துவிட்டது. ஆனால் அவளுக்கு அதில் ஒரு துளி வருத்தமும் இல்லை. அந்தத் தப்பை இரண்டு பேர் சேர்ந்து எவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!

பல் டாக்டர் பாவம், நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் வேணா மாத்தி வச்சுடட்டுமா?"

"வேண்டாம்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அக்காதான் முடிவைச் சொன்னாள். "சார், இந்த நாலும் எங்ககிட்ட இருக்கட்டும். மத்ததெல்லாம் உறையோட எடுத்துக்கிட்டுப் போங்க. மறுபடி பிரிக்கக் கூடாது, அது ஒண்ணுதான் வேணும்."

தம்பி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "உறை உன்னோடது. நீ கொடுக்கணும்னு இல்ல."

"என் அலமாரியில அதுங்க சும்மா காத்துக்கிட்டுத்தானேடா இருந்துது? சேர்ந்தே போகட்டும். அப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பார்."

ஆல்பங்கள் ஒவ்வொன்றாகப் பல் டாக்டரின் பைக்குள் இறங்கின. தொப்பித் தூதர் போனார். இரண்டு தலையணைகள், நாய்க்குட்டி, குளியல் தொட்டி எல்லாம் போயின. கடைசி ஆல்பத்தின் மூலையில் அப்பாவின் விரல் பட்டுப் பட்டுப் பளபளத்த இடத்தை அக்கா ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். தம்பி கீழே வரை போய்க் காரில் ஏற்றிவிட்டு வந்தான். அந்த ஒரு மாடிக்கு அவனுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

மேசைமேல் இரண்டு கடிதங்களும் இரண்டு உறைகளும் மட்டும் மீந்திருந்தன.

"இதையும் பிரிக்கணுமா? சித்தப்பாவைக் கூப்பிடட்டுமா?" என்றாள் தம்பி மனைவி.

"அவரைக் கூப்பிட்டா கையெழுத்து உனக்கு, கடிதம் எனக்குன்னு கத்தரிச்சுக் கொடுத்துடுவார்" என்றான் தம்பி. சொல்லிக்கொண்டே சதுர உறையைக் குடைக் கடிதத்தின் பக்கம் நகர்த்தப் போனான்.

அக்கா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சரி பண்ணாதே. நான் கண்டுபிடிச்சபடியே இருக்கட்டும். குடைக் கடிதமும் நனைஞ்ச உறையும் எனக்கு. இருமல் கடிதமும் சதுர உறையும் உனக்கு."

"அப்ப ரெண்டு பேர்கிட்டயும் தப்பான ஜோடியில்ல இருக்கும்?"

"இருக்கட்டும். சரியான ஜோடி சேரணும்னா ரெண்டு பேரும் ஒரு மேசைக்கு வந்தாகணும். நீ எந்த ஊர்ல போய் உட்கார்ந்தாலும் சரி."

அவன் இருமல் தூதரைக் கையில் எடுத்தான். வெகுநேரம் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரிக்கா" என்றான்.

அந்த ஒரு 'க்கா'வுக்காகத்தான் அவள் பஸ் ஏறி வந்தாள். சந்தோஷமாக இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவனுக்கு மறுபடி இருமல் வந்தது. இந்த முறை அது சீக்கிரம் விடவில்லை. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகத்திலிருந்து அக்கா போய், எக்ஸ்ரே அறைக்காரி வந்து உட்கார்ந்தாள்.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

"டைல்ஸ் தூசி. கடையை ஒழிச்சோமில்ல?"

"தூசி இருமல் எனக்குத் தெரியும். தினமும் கேக்கறேன்."

தம்பி மனைவி ஜன்னலோரம் போய், மூடியிருந்த பெட்டியை மறுபடி திறந்து மூடினாள்.

"நீங்க பையன்கிட்ட போறது அவனைப் பார்க்கவா, இல்ல அங்க டாக்டரைப் பார்க்கவா?"

தம்பி மனைவி திரும்பவே இல்லை.

அக்கா தன் கடிதத்தையும் நனைந்த உறையையும் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்குக் காலையில முதல் ஆளா என் அறைக்கு வந்து நில்லு. ஒரே ஒரு படம். வலிக்காது, ஒண்ணும் பண்ணாது. மூச்சை நல்லா இழுத்துப் பிடிக்கணும், அவ்வளவுதான்."

தம்பி அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

"வர்றேன்க்கா. ஆனா மூச்சை மட்டும் பிடிக்கச் சொல்லாதே. இப்பல்லாம் அது ஒண்ணுதான் என்னால முடியல."